முன் சீட்டில் பேசியது

சரவணா,

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். டீசல் போட்ட விவரத்தைத் தவிர நான் எதையும் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய். போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். "சொல்லுப்பா" என்பாய். நான் ஆரம்பிப்பேன். நடுவில் நீ பொறுமையாக, அழகாக ஏதாவது சொல்வாய். நானும் அதுதான் சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். உன் பேச்சுக்கு முன்னால் என் பேச்சு ஒருநாளும் நின்றதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து நான் நானாக இல்லை. எதிர்ப்பக்கம் வந்த லாரி நடுத்தடுப்பை ஏறி என் வண்டிக்கு நேராக வந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினேன். இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்க்கிறது.

திங்கட்கிழமை உனக்கு ஓசூர் பிளான்டில் கடைசி நாள். அதற்கப்புறம் பெங்களூர் ஆபீஸுக்குப் போய், எல்லா பிளான்டுகளின் சூப்பர்வைசர்களுக்கும் ஆட்களை எப்படி நடத்துவது, எப்படி வளர்த்துவிடுவது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறாய். நம் தெருவில் உன் அம்மா சொல்லாத வீடு பாக்கியில்லை. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் அங்கே போய் நீ வாயைத் திறப்பதற்கு முன்னால், இங்கே என் வண்டியில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

போன வருஷம் டிராவல்ஸ் முதலாளி என்னை உங்கள் கம்பெனி ஷிப்ட் பஸ்ஸுக்கு மாற்றியபோது நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கும். "நீ வேலைய விட்டுடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாய். வீட்டில் உட்கார்ந்தால் உன் அம்மா என்னை ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் விரட்டுவாள், அதற்கு ஓசூர் ரோடே தேவலாம் என்றேன். நான் உன் அப்பா என்று கம்பெனியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். உன் முகம் வாடிவிட்டது. "எனக்கு என்னப்பா வெக்கம்?" என்றாய். வெட்கம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மேனேஜரின் அப்பா ஓட்டுகிற வண்டி என்று தெரிந்தால் ஏறுகிறவர்கள் ஒரு குட்மார்னிங் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு வண்டி நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு பேச்சுச் சத்தமே இல்லாமல் நெடுஞ்சாலையில் போவது என்னால் ஆகாது. எனக்குப் பின்னால் யாராவது சிரிக்க வேண்டும், வீட்டு வம்பு பேச வேண்டும், தமிழில் ஆரம்பித்த சண்டை கன்னடத்தில் முடிய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதை நீயாவது நம்பு. இப்போது அந்த வண்டியில் ஒருத்தரும் நம்பவில்லை.

விடிவதற்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து காலி வண்டியாக மத்தூர் போவேன். அங்கே முதலில் ஏறுகிறவன் மாதேஷ். உன் லைனில் பிரேக் பாகம் கடைகிற மெஷினில் நிற்கிறானே, அவன்தான். உனக்குத் தெரிந்தவன். ஆனால் வண்டியில் இருக்கிற மாதேஷை உனக்குத் தெரியாது. ஏறியவுடன் "டிரைவர்ணா, டீ குடிச்சிங்களா" என்று கேட்பான். குடிக்கவில்லை என்றால் இறங்கிப் போய் வாங்கி வருவான். திரும்பக் கிருஷ்ணகிரிக்கு வந்ததும் இம்ரான் ஏறுவான். அவனும் உன் லைன்தான். அவனுடைய அத்தா பழைய பேட்டையில் பழக்கடை வைத்திருக்கிறார். சீசனில் இம்ரான் பை நிறைய மாம்பழத்தோடு ஏறினால் ஓசூர் வரைக்கும் வண்டியே மணக்கும். என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டு இவர்கள் இருவருக்கும்தான். வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இருவரும் கல்யாணமாகாதவர்கள், வீட்டுச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள், அதைப் பேசி இறக்கி வைக்க அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு நேரம் கிடையாது. டிரைவருக்குக் காது உண்டு என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இனி உன்னையும் என்னையும் பற்றிச் சொல்கிறேன். நீ ஓசூரில் வீடு எடுத்துத் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர ஆரம்பித்த பிறகு நாம் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. நான் ரோடு வேலையைப் பற்றிச் சொல்வேன், நீ "ம்" என்பாய். கறிக்குழம்பு எப்படி என்று அம்மா கேட்பாள், அதற்கும் "ம்". கண் போனில் இருக்கும். ஒரு ஞாயிறு, சும்மா, "உன் லைன்ல மாதேஷ்னு ஒரு பையன் இருக்கானே" என்று ஆரம்பித்தேன். உன் தலை நிமிர்ந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாய். களியைப் பிட்ட கை அப்படியே நிற்க, அவனைப் பற்றி மேலும் மேலும் கேட்டாய். அன்றைக்கு எனக்கு எத்தனை சந்தோஷம் என்று உனக்குச் சொன்னால் புரியாது. என் மகன் என் முகத்தைப் பார்த்துப் பேசினான். அதற்கப்புறம் வாரம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தேன்.

நீயும் உன் டிரெய்னிங் விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தாய். "ஆளத் தெரிஞ்சுக்கணும்ப்பா. அவன் வீட்ல என்ன கஷ்டம்னு தெரிஞ்சாத்தான் அவன மேல கொண்டுவர முடியும். கத்தி வேல வாங்கற காலமெல்லாம் போச்சு. இப்ப மேனேஜர்னா மென்டார்" என்றாய். "மென்டார்னா டியூஷன் வாத்தியாராடா?" என்றாள் அம்மா. "கிட்டத்தட்ட அதேதாம்மா, ஃபீஸ் மட்டும் கெடையாது" என்று சிரித்தாய். அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்கு முன்னால் இருந்த மேனேஜர் பத்துப் பேர் நடுவில் ஒரு ஆளை நிற்க வைத்து, "நீ சோறுதான திங்கற" என்று கேட்கிறவர். அவர் கத்துகிற மாதிரி வண்டியில் கத்திக் காட்டி இம்ரான் எல்லோரையும் சிரிக்க வைப்பான். அவர் இடத்துக்கு என் பிள்ளை வந்து, ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறான் என்றால் எந்த அப்பனுக்குத்தான் கசக்கும்.

மாதேஷின் அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று உனக்குச் சொன்னது நான்தான். இம்ரான் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் வேறு கம்பெனியில் வேலை தேடுகிறான் என்று சொன்னதும் நான்தான். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொள்வதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். நீ நல்ல பிள்ளை. அவனுக்கு உதவுவாய், இவனைப் போகவிடாமல் நல்லது செய்வாய் என்று நினைத்தேன். நீயும் அப்படி நினைத்துத்தான் செய்திருக்கிறாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

கொஞ்ச நாளாகவே முன் சீட்டில் பேச்சு இல்லை. இம்ரான் ஏறினால் நேராகப் பின்னால் போய்விடுவான். மாதேஷ் தன் பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வான். பசங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது, சூளகிரி நெருங்குகிற இடத்தில், இம்ரான் எழுந்து முன்னால் வந்து மாதேஷின் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஊருக்குப் போறதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்டா. பொம்மசந்திரா விஷயத்த உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். எங்கத்தாவுக்குக்கூடத் தெரியாது. சார் எப்பிடிடா கேக்கறாரு? 'நல்ல எடம் கெடச்சா சந்தோஷந்தான் இம்ரான், ஆனா இங்கயே ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு'ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு."

"நான் யார்கிட்டயும் சொல்லல," என்றான் மாதேஷ். "நீ சொல்லலன்னு சொல்லு பாக்கலாம். எங்கம்மாவுக்கு டயாலிசிஸ்னு ஒனக்கு மட்டுந்தான தெரியும்? அது எப்பிடி சாருக்குப் போச்சு?"

"நான் எதுக்குடா அதப் போய்ச் சொல்லப்போறேன்?"

"எதுக்கா? டீம் லீடர் டிரெய்னிங்குக்கு ஒரு எடந்தான். மொதல்ல எம் பேரு இருந்துச்சு. இப்ப ஒம் பேரு இருக்குது. வேலய விட்டுட்டுப் போறேன்னவன் ஒனக்கு டிரெய்னிங். இங்கயே கெடக்கறேன்னவன் எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் உன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன வார்த்தைகள், நீ கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவர்களிடம் கேட்ட கேள்விகளாகி, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தன. இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் மட்டும் சொன்ன விஷயம். இரண்டும் வெளியே போயிருக்கிறது. ஒருத்தன் இன்னொருத்தனைத் தவிர யாரைச் சந்தேகப்படுவான்? இன்டிகேட்டர் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. சர்வீஸ் ரோட்டில் இறக்கி ஓரமாக நிறுத்தினேன்.

"என்னாச்சுணா, பஞ்சரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

நான் எழுந்து திரும்பி நின்றேன். "மாதேஷும் சொல்லல, இம்ரானும் சொல்லல. நாந்தான் சொன்னேன். சரவணன் சார் எம் பையன். ஞாயித்துக்கெழம சாப்பிடறப்ப பேச்சுவாக்குல சொல்லிட்டேன்."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடு சீட்டில் இருந்த ஒரு பெண், டிரைவர் என்ன சொல்கிறார் என்று தெலுங்கில் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அதற்குப் பின்னால் யாரோ அதைக் கன்னடத்தில் சொன்னார்கள். கடைசி சீட்டு வரைக்கும் அது போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நீங்க சார் வெச்ச ஆளாண்ணா?" என்றான் இம்ரான்.

இல்லை என்றேன். உன் அம்மா மேல் ஆணையாக இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கு இத்தன நாளு சொல்லல?" என்று கேட்டான். பேச்சுச் சத்தம் கேட்கிற ஆசைக்காக என்று எப்படிச் சொல்வது? வேவு பார்க்க வந்தவனும் அதையேதான் சொல்லியிருப்பான். நீ என்னை அங்கே உட்கார வைத்துத்தான் எல்லோருடைய வீட்டு விஷயத்தையும் தெரிந்துகொண்டாய் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

மாதேஷ் மட்டும் உட்கார்ந்தபடியே பேசினான். குரலை உயர்த்தவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் விடாமல் படி. "அண்ணா, நீங்க சொன்னதுகூடப் பெருசு இல்ல. அன்னிக்கு சார் ரூமுக்குக் கூப்ட்டு, 'அம்மாவுக்கு எப்பிடி இருக்குது மாதேஷ்'னு கேட்டாரு. நான் அழுதுட்டேன். எங்கப்பா செத்தப்பகூட நான் நாலு பேரு முன்னாடி அழல. யாருமே கேக்காதத அவுரு கேட்டாரு. தண்ணி குடுத்தாரு. 'மொதல்ல அம்மாவப் பாத்துக்கோ, டிரெய்னிங்க அடுத்த பேட்ச்ல வெச்சுக்கலாம்'னாரு. நானும் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். மெஷின்கிட்ட வந்து நின்னதுக்கு அப்பறந்தான் என்ன போச்சுன்னே புரிஞ்சுது. அந்த டிரெய்னிங்குக்காகத்தான்ணா சிங்காரப்பேட்டைல இருந்து எங்க சித்தியக் கூட்டிட்டு வந்து வீட்ல வெச்சிருக்கேன், அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக. அத ஒரு வார்த்த அவுரு கேக்கல. திட்டியிருந்தா எதுத்துப் பேசியிருப்பேன். அக்கறையாப் பேசறவரு கிட்ட என்னான்னு பேசறது? மாசக் கடைசியோட நின்னுக்கறேன்."

இம்ரான் அந்தச் சாப்பாட்டுப் பையின் மேல் கையை வைத்து, "எடுடா" என்றான். மாதேஷ் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நண்பன் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது, சரிதான். ஆனால் இத்தனை நாள் ஒருவரை ஒருவர் அப்படி நினைத்தார்களே, அது உடனே போய்விடுமா. வேண்டுமானால் நான் வேறு ரூட்டுக்கு மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். வண்டியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை மத்தூரில் மாதேஷ் ஏறினான். டீ குடித்தேனா என்று கேட்கவில்லை. ஓசூரில் கம்பெனி கேட் வரைக்கும் என்ஜின் சத்தம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில் என் மேல்தான் பாய்ந்தாள். "எல்லார் முன்னாடியும் புள்ள பேரக் கெடுத்துட்டு வந்து நிக்கறீங்களே, அவன் ஊருக்குப் போற நேரத்துல" என்று கத்தினாள். அடுப்பைத் துடைத்தாள், பாத்திரத்தைக் கவிழ்த்தாள், திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் பையனோட அம்மாவுக்கு இப்ப எப்பிடி இருக்குதாம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை சரவணா. மாசக்கணக்கில் அவர்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன், உன்னிடம் கொண்டு வந்து சொல்லியிருக்கிறேன், ஆனால் தினமும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவனிடம் ஒருநாளும் அதை நான் கேட்கவில்லை. கேட்டால் ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. அவள்தான் முதலில் கேட்டாள், கேட்டு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லாமல்.

உன்னைக் கத்தச் சொல்லவில்லை. பழைய மேனேஜர் திரும்பி வர வேண்டும் என்று அந்த வண்டியில் ஒருத்தரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் அவர் கத்துவது கம்பெனி கேட்டுக்கு இந்தப்பக்கம் வந்ததும் முடிந்துபோகும். இங்கே ஏறி உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நீ நல்லவிதமாகப் பேசிப் பேசி இந்த இடத்துக்குள்ளும் வந்துவிட்டாய். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உன் டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. அவனே உன்னிடம் வந்து சொல்கிற அளவுக்கு நீ நடந்துகொண்டு, அவன் சொல்லி நீ தெரிந்துகொள்வது ஒன்று. அவனுக்குத் தெரியாமல் தெரிந்து வைத்துக்கொண்டு, திடீரென்று ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டு, அவனுக்கு எது நல்லது என்று நீயே முடிவும் செய்துவிடுவது வேறு. பெங்களூரில் நீ எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய்?

உனக்கு இது புரியாது என்று நான் நினைக்கவில்லை. நீ பர்கூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம் படித்தபோது கணக்குப் பேப்பரில் அரியர் வைத்தாய். எங்களுக்கு மட்டும் சொன்னாய். உன் மாமா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, உன் அம்மா அதைப் பெரியத்தையிடம் சொல்லிவிட்டாள். டியூஷனுக்கு யாராவது தெரியுமா என்று கேட்கத்தான், நல்லதுக்குத்தான். அத்தை உன் இலைக்கு அருகில் வந்து, "கணக்கு கொஞ்சம் கஷ்டமா கண்ணு?" என்று அன்பாகக் கேட்டாள். நீ பாதி இலையில் எழுந்தாய். யார் கூப்பிட்டும் நிற்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனாய். பின்னாலேயே ஓடி வந்த என்னிடம், "எம் பேப்பரு. யாருக்குச் சொல்லணும்னு நாந்தான் முடிவு பண்ணணும்" என்றாய். அப்போது எனக்கு அது திமிராகத் தெரிந்தது. இப்போது மாதேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டபோது அதே முகத்தைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை உனக்கு அங்கே கேக் வெட்டுவார்கள், மாலை போடுவார்கள், உன்னை மாதிரி மேனேஜர் கிடையாது என்று மைக்கில் பேசுவார்கள். மாதேஷும் வரிசையில் நின்று கைதட்டுவான். எல்லாம் முடியட்டும். ஷிப்ட் விட்டதும் என் வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும். உன் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்து ஏறு. சாப்பாடு செய்து வைத்திருப்பதாக அம்மா சொல்லச் சொன்னாள், கிருஷ்ணகிரியில் இறங்கிக்கொள்ளலாம். எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். என்னைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டே ஏறு, இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த டிரெய்னிங் இடத்தைத் திருப்பிக் கொடுக்க உனக்கு இன்னும் அதிகாரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் ஏறுவதற்கு முன்னால் அதைச் செய்துவிட்டு வா. இல்லாவிட்டாலும் வா.

அன்றைக்கு அவன் அம்மாவைப் பற்றி நீ கேட்டபோது உண்மையாகவே கேட்டாயா என்பதுதான் வியாழக்கிழமையிலிருந்து என் மண்டையைக் குடைகிறது. பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில், ஜன்னலோரமாக மாதேஷ் இருப்பான். பக்கத்து இடத்தில் அவன் சாப்பாட்டுப் பை இருக்கும். நீ போய் நின்றால் அதை எடுப்பானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. நீயாக எடுத்து வைக்காதே. அவனைக் கேள். எடுத்தால் உட்கார். எடுக்காவிட்டால் கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டு வா.

அப்பா